கைதட்டலும் கால்வழியும்: சி. எல். ஆர். ஜேம்ஸின் கிரிக்கெட் நூலை முன்வைத்து

விளையாட்டைப் பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுதுவது நம்மவர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். கூத்தையும் நாட்டார் பாடலையும் மக்கள் கலைகளென ஏற்றுக்கொண்டுவிட்ட நமது விமர்சகர்கள், பல்லாயிரவரை ஓரிடத்திற் கூட்டிவைக்கும் விளையாட்டை மட்டும் நாளேடுகளின் கடைசிப் பக்கத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கின்றனர். அங்கே ஓட்டங்களும் விக்கெட்டுகளும் எண்ணப்படுகின்றன. மைதானத்தின் ஓரத்தில் வெயிலில் நின்று ஆரவாரிக்கும் மனிதன் யார், அவனுடைய பாட்டன் எந்தக் கப்பலில் வந்து இறங்கினான், எந்த வாயிலில் அவன் திருப்பி அனுப்பப்பட்டான் என்பன எண்ணப்படுவதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் தன்னைப் பற்றிச் சொல்ல அஞ்சுவதையெல்லாம் அதன் விளையாட்டு மைதானம் உரத்துச் சொல்லிவிடுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வுண்மையை ஆளும் வர்க்கத்தினர் நம்மிலும் நன்றாக அறிந்திருக்கின்றனர். 1990ஆம் ஆண்டு, பிரித்தானியக் கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் அமைச்சர் நோர்மன் டெபிட், அமெரிக்கப் பத்திரிகையொன்றுக்கு அளித்த பேட்டியில் 'கிரிக்கெட் பரீட்சை' ஒன்றை முன்மொழிந்தார். பிரித்தானியாவில் வாழும் ஆசிய வம்சாவளியினர் எந்த அணிக்காக ஆரவாரிக்கின்றனர்? இங்கிலாந்துக்காகவா, தாம் விட்டுவந்த நாட்டுக்காகவா? அவர்களிற் பெரும் பகுதியினர் இப்பரீட்சையில் தேறமாட்டார் என்பது அவர் முடிவு. கேள்வி எளிமையானதாகவே தோன்றும். ஆனால், அதனுள் மூன்று அனுமானங்கள் ஒளிந்துள்ளன. மைதானத்திற் கைதட்டுவது அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்வது போன்றது என்பது ஒன்று. மூதாதையர் நாட்டின் மீதுள்ள பற்று இரத்தத்திலே ஊறி வருவது என்பது மற்றொன்று. குடியேறியவனே கணக்குக் காட்டவேண்டியவன். குடியேற்றத்தை உண்டாக்கிய சாம்ராச்சியத்துக்குக் கணக்கேதுமில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் தக்க மறுப்பு, டெபிட் பேசுவதற்கு இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட 'பியோண்ட் எ பவுண்டரி', அதாவது 'எல்லைக் கோட்டுக்கு அப்பால்', என்னும் நூலே அது.

ஜேம்ஸ் 1901இல் திரினிடாட்டிற் பிறந்தவர், மார்க்ஸியவாதி, ஹெயிட்டி அடிமைகளின் புரட்சியைப் பற்றி 1938இல் வெளிவந்த 'த பிளாக் ஜக்கொபின்ஸ்' என்ற வரலாற்று நூலின் ஆசிரியர். அவருடைய கிரிக்கெட் நூல் தன்வரலாறு, சமூக வரலாறு, அழகியல் ஆராய்ச்சி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பிணைத்தது. ஆட்டத்தைச் சமூகத்திலிருந்து பிரித்துப் பார்ப்பவன் ஆட்டத்தையும் அறியமாட்டான் என்பது அதன் மூலக் கருத்து. இந்நூலை விளையாட்டு நூல்களின் வரிசையில் வைத்துப் பாராட்டுவோர் பலர். நாம் ஈண்டு அதனை வம்சாவளி பற்றிய நூலாக நோக்க விரும்புகிறோம். கால்வழி என்பது யாது, அது ஓர் இரசிகனின் நெஞ்சில் எவ்வாறு குடிகொள்கிறது என்ற வினாவுக்கு இத்துணைத் தெளிவாக விடை கூறிய நூல்கள் மிகச் சில.

நூலின் தொடக்கத்திலே ஒரு சாளரம் வருகிறது. துனாபூனா என்னும் சிற்றூரில் ஜேம்ஸின் பாட்டி வீடு மைதானத்தை ஒட்டி நின்றது. நாற்காலியில் ஏறி நின்றாற் சாளரத்தின் வழியே ஆட்டம் தெரியும். அதே நாற்காலியிலிருந்து அலமாரியிலுள்ள புத்தகங்களையும் எட்டி எடுக்கலாம். இக்காட்சியை எடுத்துக்காட்டாத திறனாய்வாளர் இல்லை. அதன் அருகே நிற்கும் இரு முதியவர்களையோ பலர் கவனிக்காது கடந்துவிடுகின்றனர். தந்தைவழிப் பாட்டனார் சிறிய தீவொன்றிலிருந்து பிழைப்புத் தேடித் திரினிடாட்டுக்கு வந்தவர். சர்க்கரைத் தோட்டத்திலே பாகு காய்ச்சும் பொறுப்பான பதவியை அடைந்தவர். அப்பதவி வழக்கமாக வெள்ளையருக்கே உரியது. தாய்வழிப் பாட்டனார் ஜோஷ் றடர் பார்பேடோஸ் தீவிலிருந்து வந்தவர். புகைவண்டி இயந்திர ஓட்டுநராக உயர்ந்தவர். இருவரும் குடியேறிகள் என்பதை நாம் மனங்கொள்ளவேண்டும்.

றடரைப் பற்றி ஜேம்ஸ் சொல்லும் சம்பவம் ஒன்றுண்டு. சர்க்கரை ஆலையின் பெரிய இயந்திரம் பழுதடைந்துவிடுகிறது. பட்டம் பெற்ற வெள்ளை எந்திரவியலாளர்கள் முயன்றும் அது அசையவில்லை. ஈற்றில் றடரை அழைக்கின்றனர். அவர் தனியாகவே உள்ளே செல்வேன் என்று நிபந்தனை விதிக்கிறார். இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. என்ன செய்தீர் என்று கேட்டவர்களுக்கு அவர் வாய்திறக்கவேயில்லை. பல ஆண்டுகளின் பின்னர் பேரன் கேட்டபோது, சான்றிதழ் வைத்திருந்த அவர்களுக்கு நான் ஏன் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்ற கருத்திற் பதிலளிக்கிறார். பாட்டன் பேரனுக்கு விட்டுச் செல்லும் முதுசம் எது என்பதை இச்சம்பவம் காட்டுகிறது. கைத்திறனும், அத்திறனை மதியாத உலகின்முன் காத்துவைத்த தன்மானமுமே அம்முதுசம். வம்சாவளி என்று நாம் பெருமிதத்தோடு கூறுவது உழைப்பின் நினைவும் அவமதிப்பின் நினைவும் சேர்ந்த ஒன்றே. இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பவனுக்கு அது அகப்படாது.

இந்நினைவு எவ்வாறு மைதானத்துக்கு வருகிறது என்பதை ஜேம்ஸ் கழகங்களின் மூலம் விளக்குகிறார். அவருடைய இளமைக்காலத்துத் திரினிடாட்டில் முதல்தரக் கழகங்கள் சில இருந்தன. குவீன்ஸ் பார்க் கழகம் வெள்ளையருக்கும் செல்வருக்கும் உரியது. சாம்றொக், பழைய கத்தோலிக்கக் குடும்பங்களின் கழகம். பொலிஸ் அணியில் ஆடுவோர் கறுப்பினத்தவர். தலைவரோ வெள்ளை அதிகாரி. மேப்பிள், மாநிறத்தரான மத்தியதர வர்க்கத்தினரது. ஷனன், கறுப்பினக் கீழ் மத்தியதர வர்க்கத்தினரான ஆசிரியர், எழுதுவினைஞர் ஆகியோரது. ஸ்டிங்கோ, சமூக அந்தஸ்து எதுவுமற்ற உழைப்பாளிகளது. ஆக, ஓர் இளைஞன் எந்தக் கழகத்தில் ஆடுகிறான் என்று சொன்னால் அவன் நிறம், தகப்பன் தொழில், பாட்டன் வந்த வழி ஆகிய யாவும் சொல்லப்பட்டுவிடும். சாதியின் பெயரால் வகுக்கப்பட்ட கிணறுகளையும் கோவில் வீதிகளையும் கண்டு வளர்ந்த நமக்கு இப்பட்டியலை விளங்கிக்கொள்ள விரிவுரை தேவையில்லை.

இவற்றுள் ஜேம்ஸ் எதைத் தேர்ந்தார்? அவர் கறுத்த நிறத்தினர், ஆசிரியரின் மகன், ஆதலின் ஷனனே அவருக்கு இயல்பான இடம். ஆனால், உயர்தரக் கல்லூரியிற் புலமைப்பரிசில் பெற்றுக் கற்றவர் என்பதால் மேப்பிள் கழகத்தின் கதவு அவருக்குத் திறந்தது. அவர் மேப்பிளிற் சேர்ந்தார். அதன் விளைவாகப் பொதுமக்களிடமிருந்து விலகிப்போனதையும், தமது அரசியல் வளர்ச்சி பல ஆண்டுகள் பின்தங்கியதையும் அவர் நூலிலே மறைக்காது எழுதுகிறார். நூலின் ஒழுக்க வலிமைக்கு இப்பகுதியே ஆதாரம் என்பது நம் கருத்து. படிப்பின் துணையோடு ஒரு படி மேலேறி, ஏறிய படியையே கால்வழியாக நினைத்துக்கொள்ளும் மனப்பான்மை திரினிடாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் ஆசிரிய நண்பர்கள் பலரும் இப்பகுதியில் தம் முகத்தைக் காண்பர்.

ஷனன் கழகத்தவர் ஏன் அத்துணை மூர்க்கமாக ஆடினர், மக்கள் ஏன் அவர்களைச் சூழ்ந்து நின்றனர் என்பதற்கு ஜேம்ஸ் கூறும் காரணம் சிந்தனைக்குரியது. வேறெந்தத் துறையிலும் தம் தகுதியைக் காட்ட இடமற்ற மக்கள், நடுவர் ஒருவர் முன்னிலையில் விதிகளுக்கமைய நிகழும் ஆட்டத்திலே மட்டும் ஆள்வோனைச் சமதரையிற் சந்தித்தனர். வில்ற்றன் சென்ற் ஹில் என்ற துடுப்பாட்டக்காரரைப் பற்றிய அத்தியாயம் இதற்குச் சான்று. கடையிற் பணிபுரிந்த அம்மனிதர் துடுப்பை ஏந்தி நடந்து வரும்போது, ஓரத்தில் நின்ற சாதாரண மக்கள் தம் வாழ்வின் மறுக்கப்பட்ட பகுதியே நடந்து வருவதாக உணர்ந்தனர். 1928இல் இங்கிலாந்தில் அவர் தோல்வியடைந்தபோது அது தனிமனிதனின் தோல்வியாகக் கருதப்படவில்லை. இரசிகனின் வெறி என்று படித்தவர்கள் இகழ்வது பெரும்பாலும் இத்தகைய வரலாற்றுப் பசியே ஆகும்.

எனினும், இரசிகனின் பற்று இனவழியிலேதான் ஓடும் என்று ஜேம்ஸ் கொள்ளவில்லை. அடிமைகளின் வழித்தோன்றலான லியரி கொன்ஸ்ரன்ரைன் 1929இல் லங்காஷயரிலுள்ள நெல்சன் என்னும் நெசவாலை நகரின் கழகத்தில் ஆடச் சென்றார். தொடக்கத்தில் நிறவெறி கொண்ட கடிதங்களும் ஏளனப் பார்வைகளும் அவரை எதிர்கொண்டன. ஆனால், அங்கு அவர் ஆடிய ஒன்பது பருவங்களில் ஏழு முறை நெல்சன் லீக் வெற்றிக்கிண்ணத்தை வென்றது. தறியோட்டும் ஆங்கிலத் தொழிலாளர் அவரைத் தம்மூர் மனிதராகவே கொண்டாடினர். 1932இல் இங்கிலாந்து சென்ற ஜேம்ஸ் அந்நகரிலே அவருடன் தங்கி இவற்றை நேரிற் கண்டார். நெல்சன் தொழிலாளியின் பாட்டனும் கொன்ஸ்ரன்ரைனின் பாட்டனும் ஒரே வம்சத்தவரல்லர். ஆயினும், பருத்தியையும் சர்க்கரையையும் கொண்டு இலாபம் குவித்த ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகளில் உழைத்தவர்கள். டெபிட்டின் பரீட்சை இத்தகைய உறவுக்கு இடம் வைக்கவில்லை.

இங்கே நூலுக்கு வெளியேயும் சிறிது செல்லவேண்டும். 1948 யூன் 22ஆம் திகதி 'எம்பயர் வின்ட்றஷ்' என்னும் கப்பல் கரிபியத் தொழிலாளரைச் சுமந்து தில்பரித் துறைமுகத்தை அடைந்தது. போரினாற் சிதைந்த பிரித்தானியாவுக்கு அவர்களின் உழைப்புத் தேவைப்பட்டது. ஆனால், அறை வாடகைக்குக் கேட்டவர்களின் முகத்திலே கதவுகள் சாத்தப்பட்டன. ஈராண்டுகளின் பின்னர், 1950 யூனில், லோர்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியர் இங்கிலாந்தை 326 ஓட்டங்களால் தோற்கடித்தனர். இங்கிலாந்து மண்ணில் அவர்கள் பெற்ற முதலாவது டெஸ்ட் வெற்றி அது. கலிப்ஸோப் பாடகர் லோர்ட் கிச்சனர் முன்னே செல்ல, குடியேறிகள் பாடியாடிக்கொண்டு லண்டன் வீதிகளிற் சென்றனர். அன்று அவர்கள் இங்கிலாந்தைப் பகைத்தார்கள் என்று கூறுவது பேதைமை. வாரம் முழுவதும் அந்நாட்டின் தொழிற்சாலைகளிலும் போக்குவரத்திலும் உழைத்தவர்கள் ஒருநாள் தலைநிமிர்ந்தார்கள். வரவேற்கப்படாதவனிடம் விசுவாசம் கேட்பது, கூலி கொடாதவன் நன்றி கேட்பதற்கு ஒப்பாகும்.

பரீட்சை யாருக்கு வைக்கப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 1976இல் இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கிய ரொனி கிறெய்க் தென்னாபிரிக்காவிற் பிறந்து வளர்ந்த வெள்ளையர். மேற்கிந்தியரை மண்டியிடச் செய்வோம் என்ற பொருள்பட அவர் பேசியது கரிபியக் குடியேறிகளின் நெஞ்சிற் பழைய விலங்குகளை நினைவூட்டியது. அத்தொடரை மேற்கிந்தியர் 3–0 என வென்றனர். ஆங்கிலேயரின் பெயரால் பேச அவருக்கு உரிமையுண்டா என்று வம்சாவளிப் பரீட்சை நடத்தப்படவில்லை. மாறாக, 1995இல் கிரிக்கெட் மாத இதழொன்று, குடியேறிகளின் வழிவந்த வீரர் இங்கிலாந்துக்காக முழுமனதோடு ஆடுவாரா என்று ஐயம் எழுப்பும் கட்டுரையை வெளியிட்டது. இங்கிலாந்துக்கு ஆடிய டெவன் மல்கம், பிலிப் டிபிறேய்ட்டஸ் ஆகியோர் நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. இதழ் இழப்பீடு கொடுத்தது. ஆக, அணிக்காக வியர்வை சிந்தினாலும் பரீட்சை முடிவதில்லை.

இனி நூலின் குறைக்கு வருவோம். திரினிடாட்டுக்கு 1845க்கும் 1917க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக ஒரு இலட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் கொண்டுவரப்பட்டனர். கல்கத்தாவிலிருந்து மட்டுமன்றிச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கரிபியனுக்குச் சென்றன. அம்மக்களின் கதை ஜேம்ஸின் நூலில் மையத்துக்கு வரவேயில்லை. ஆறு கழகங்களின் சமூக உட்பொருளை அவ்வளவு நுணுக்கமாக அளந்தவர், கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் மட்டையேந்திய இந்தியச் சிறுவனை ஏறெடுத்துப் பார்க்கத் தவறிவிட்டார். 1950இல் லோர்ட்ஸில் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்திய சொனி றமதீன் அத்தகைய சிறுவனே. மேற்கிந்திய அணியில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர். பிரித்தானியக் கயானாவின் போர்ட் மொறன்ற் சர்க்கரைத் தோட்டத்தில் வளர்ந்த றோகன் கன்ஹாயைப் பற்றி ஜேம்ஸ் 1966இல் தனிக் கட்டுரை எழுதினார் என்பது உண்மை. ஆயினும் முதல்நூலின் இடைவெளி இடைவெளியே.

இவ்விடைவெளி ஏன் பொருட்படுத்தத்தக்கது? 1960 ஜனவரியில் போர்ட் ஒவ் ஸ்பெயினில் இங்கிலாந்துக்கெதிரான ஆட்டத்தின்போது கூட்டத்தினர் போத்தல்களை வீசினர், ஆட்டம் தடைப்பட்டது. மேற்கிந்திய அணிக்கு ஒரு முழுத் தொடரில் தலைமை தாங்கக் கறுப்பினத்தவர் எவருக்கும் அதுவரை இடம் கொடுக்காத ஆதிக்கத்தின்மீது குவிந்திருந்த வெறுப்பை ஜேம்ஸ் இச்சம்பவத்திற் சரியாகவே கண்டார். பிராங்க் வொறெல் தலைவராகவேண்டுமென்று தம் பத்திரிகையிற் போராடி அதில் வெற்றியும் கண்டார். 1961இல் மெல்பேண் வீதிகளிலே இலட்சக்கணக்கான மக்கள் வொறெலின் அணிக்கு விடைகொடுத்த காட்சியோடு நூல் நிறைவுறுகிறது. ஆனால், அந்தப் போத்தல்கள் பறந்தது சரண் சிங் என்னும் உள்ளூர் இந்திய இளைஞர் ஆட்டமிழந்த கணத்திலாகும். ஆபிரிக்க வழியினரும் இந்திய வழியினரும் கலந்து நின்ற கூட்டம் அன்று அவரைத் 'நம் பையன்' என்றே கருதியது. பின்னாளில் இந்திய அணி அங்கு சென்று ஆடியபோது, குறிப்பாக 1971இலும் 1976இலும், திரினிடாட் இந்தியர் பலர் விருந்தாளிகளுக்காக ஆரவாரித்தனர். அதற்காக அயலவரின் சினத்துக்கும் ஆளாகினர். லண்டனிலே டெபிட் கேட்ட கேள்வியை, லண்டனில் அதனாற் காயப்பட்டவர்களின் சொந்தத் தீவிலேயே ஒரு கறுப்பினத் தொழிலாளி தன் இந்திய அயலவனிடம் கேட்டான். ஒடுக்கப்பட்டவனிடமும் பரீட்சைத் தாள் கைமாறலாம் என்பதே இதன் படிப்பினை.

வம்சாவளிப் பெருமை தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. ஷனனின் பெருமை, கதவடைத்தோருக்கு எதிராகத் திரண்ட பெருமை. மேப்பிளின் பெருமை, கீழே நிற்பவன் மேலே வராதிருக்கக் கதவடைத்த பெருமை. ஒரே மைதானம், ஒரே ஆட்டம், ஒரே கைதட்டல். எனினும் இரண்டின் சமூகப் பணியும் வேறு. கொடியைக் கண்டு தீர்ப்புக் கூறாது, அது எந்தக் கதவின்முன் உயர்த்தப்படுகிறது என்று கேட்பதே விமர்சகனின் கடமை.

சென்னை மாகாணத்திலிருந்து கரும்புக்குச் சென்றவர்களைப் போலவே தேயிலைக்கு வந்தவர்களும் நம்மிடையே உள்ளனர். அம்மக்களை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அதே தேயிலைத் தோட்டத்துக்குத் தென்னிந்தியாவிலிருந்து உழைக்க வந்த ஒருவரின் பேரனே, 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வுபெற்ற முத்தையா முரளிதரன். நாடே அவருக்காக எழுந்து நின்று கைதட்டியது. அவருடைய பாட்டனோடு கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அக்கைதட்டலில் எத்துணை பங்கு கிடைத்தது என்பதை லயத்து அறைகளையும் சம்பளப் பட்டியலையும் பார்த்து நாம் கணக்கிடவேண்டும்.

இந்தியாவும் இலங்கையும் மோதும் நாளில், வகுப்பறையில் ஒரு மலையகச் சிறுவனிடம் 'நீ எந்தப் பக்கம்?' என்று விளையாட்டாகக் கேட்கப்படுவதுண்டு. கேட்பவருக்கு அது வேடிக்கை. சிறுவனுக்கு அது தன் பாட்டனின் பெயரைச் சொல்லி நடத்தும் விசாரணை. ஆசிரியர்களாகிய நண்பர்கள் அக்கேள்வியை அனுமதிக்கலாகாது. அதற்குப் பதிலாக, அப்பாட்டன் எவ்வாறு வந்தான், யாருக்காக உழைத்தான், அவனுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பவற்றை வகுப்பு முழுவதற்கும் வரலாற்றுப் பாடமாகக் கற்பிக்கலாம். அதன்பின் சிறுவன் தான் விரும்பிய அணிக்குக் கைதட்டட்டும்.